கணக்கில் வராத பழுது

2024 செப்டம்பர் 11 அன்று அதிகாலை மூன்று மணியளவில், ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றின் மீதிருந்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி இடிந்து ஆற்றுக்குள் விழுந்தது. டிராம் வண்டிகள் செல்லும் பகுதி அது. கடைசி டிராம் கடந்துபோய்ச் சில நிமிடங்களே ஆகியிருந்ததால் உயிரிழப்பு ஏதுமில்லை. மூன்று தனித்தனிப் பகுதிகளாகக் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் மற்ற இரு பகுதிகளும் முன்னரே சீரமைக்கப்பட்டிருந்தன. விழுந்த பகுதியின் முறை 2025-இல் வரவிருந்தது.

காங்கிரீட்டுக்குள் இருந்த எஃகுக் கம்பிகளில் கட்டுமானக் காலத்திலேயே புகுந்த ஈரம் விரிசலை உண்டாக்கி, அது பல பத்தாண்டுகளாக உள்ளுக்குள்ளேயே வளர்ந்து வந்ததாக வல்லுநர்கள் கண்டறிந்தனர். எனவே, இந்த ஒரு விபத்துக்கு அரசின் சிக்கனத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. ஆனால், வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வளரும் பழுது என்பது அந்நாட்டின் பொதுச் சொத்துகள் பலவற்றுக்கும் பொருந்தும் சித்திரமாக அன்றிலிருந்து மாறிவிட்டது.

பொது நிதியியலை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் கற்பித்தவன் நான். ஜெர்மனியை நான் வகுப்பில் எப்போதும் முன்மாதிரியாகவே காட்டி வந்தேன். 2009-இல் அந்நாடு 'கடன் தடை' விதியைத் தன் அரசியல் சாசனத்திலேயே சேர்த்தபோது, நிதி ஒழுக்கத்துக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்று சொன்னதும் நினைவிருக்கிறது. பொருளாதாரச் சுழற்சியின் தாக்கத்தை நீக்கிவிட்டுப் பார்க்கும்போது, மத்திய அரசின் ஆண்டுக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதே அந்த விதி.

அப்போது ஒரு மாணவி எழுந்து, "கடன் வாங்கினால் கணக்கில் தெரியும். பழுது பார்க்காமல் விட்டால் அது எங்கே தெரியும் சார்?" என்று கேட்டாள். தேய்மானம் பற்றிப் பாடநூலில் உள்ளதைச் சொல்லி அவளை உட்காரவைத்தேன். அது விடையல்ல என்பது இப்போது எனக்குப் புரிகிறது. ஜெர்மனியின் மத்திய அரசு தன் வரவு-செலவுக் கணக்கை ரொக்க அடிப்படையிலேயே எழுதுகிறது. பணம் உள்ளே வந்தால் வரவு, வெளியே சென்றால் செலவு. ஒரு பாலம் ஓராண்டில் எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஜெர்மனியின் மத்திய அரசு பற்றாக்குறையின்றி நிதிநிலையை முடித்தது. அதே காலகட்டத்தில் உலகின் கடன் சந்தையில் விந்தையான ஒன்று நடந்தது. ஜெர்மனிக்குக் கடன் கொடுக்க முதலீட்டாளர்கள் தங்கள் கையிலிருந்து பணம் தரவும் தயாராக இருந்தனர். 2019 ஆகஸ்டில் வட்டியே இல்லாத 30 ஆண்டுக் கடன் பத்திரத்தை, முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு அந்நாடு விற்றது. அந்த நேரத்தில் கடன் வாங்கிப் பாலங்களையும் தண்டவாளங்களையும் புதுப்பித்திருந்தால், அதற்கான வட்டிச் சுமை ஏறத்தாழ இல்லாமலே போயிருக்கும். பற்றாக்குறை இல்லை என்ற பெருமைக்காக அந்த வாய்ப்பு கைவிடப்பட்டது.

அதன் விலையை முதலில் கொடுத்தது போக்குவரத்துத் துறை. ஏ-45 நெடுஞ்சாலையில் லூடன்ஷைட் நகரை ஒட்டி இருந்த ராமெடே பாலம் 1960-களில் கட்டப்பட்டது. பிற்காலத்தில் லாரிகளின் எண்ணிக்கையும் எடையும் எவ்வளவு கூடும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாது. 2021 டிசம்பரில் அது திடீரென மூடப்பட்டது. 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சிறிய, நடுத்தர உலோகத் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி அது. நெடுஞ்சாலையில் சென்ற லாரிகள் ஊருக்குள் புகுந்தன. சரக்கு தாமதமானது, தொழிலாளர்கள் வேலைக்கு வந்து செல்வதே பெரும்பாடானது. நாடு முழுவதும் ஏறத்தாழ 4,000 நெடுஞ்சாலைப் பாலங்களைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதாக அந்த அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ரயில்வேயின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1994-இல் நிறுவனமாக மாற்றப்பட்ட டாய்ச்சே பான், பங்குச் சந்தைக்குச் செல்வதற்காகத் தன்னை ஒல்லியாக்கிக்கொண்டது. 2008-இல் வந்த உலக நிதி நெருக்கடியால் பங்கு வெளியீடு கைவிடப்பட்டது. குறைக்கப்பட்ட பாதைகளும் பக்கத் தடங்களும் திரும்பி வரவில்லை. இதனுடன் விபரீதமான ஒரு நிதி விதியும் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. வழக்கமான பராமரிப்புச் செலவை நிறுவனம் தன் வருவாயிலிருந்து செய்ய வேண்டும். முற்றிலும் தேய்ந்த பாதையை மாற்றும் செலவையோ அரசு ஏற்கும். பராமரிக்காமல் விட்டால் செலவு அடுத்தவர் கணக்கில் விழும் என்றால், யார்தான் பராமரிப்பார்கள்?

விளைவு, 2024-இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம் மட்டுமே. ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தையும் 'நேரத்துக்கு வந்தது' என்றே சேர்த்துக்கொண்ட பிறகு கிடைக்கும் கணக்கு இது. தாமதமாக வரும் ஜெர்மானிய ரயில்களை எல்லையில் உள்ள பாசெல் நகரிலேயே நிறுத்திவிட்டு, பயணிகளைத் தன் ரயில்களில் ஏற்றி அனுப்பும் வழக்கத்தை சுவிட்சர்லாந்து கொண்டுவந்தது. தன் கால அட்டவணையைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு வேறு வழி இருக்கவில்லை.

எரிசக்தித் துறையில் தவறு வேறு வடிவம் எடுத்தது. அங்கே ஜெர்மனி செலவைத் தவிர்க்கவில்லை. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் பெருந்தொகை செலவிட்டது. இன்று அந்நாட்டின் மின் நுகர்வில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து வருவது உண்மையான சாதனை. ஆனால், மாற்றுவழி என்ற காப்பீட்டுக்கான பிரீமியத்தை அது கட்டவில்லை. 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு அணு உலைகளை மூட முடிவெடுத்தது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டன. அந்த இடைவெளியை நிரப்ப ரஷ்யாவின் குழாய்வழி எரிவாயு மலிவாகக் கிடைத்தது. 2021-இல் இறக்குமதியான எரிவாயுவில் பாதிக்கு மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்க ஜெர்மனியில் ஒரு முனையம்கூட அப்போது இல்லை. உக்ரைன் போர் தொடங்கியதும் இந்த மலிவின் உண்மை விலை தெரிந்தது.

வடக்கே கடலோரத்தில் காற்று வீசுகிறது. தெற்கே பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பர்கிலும் ஆலைகள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்க ஏறத்தாழ 700 கி.மீ. நீளமுள்ள 'சூட்லிங்க்' என்ற உயர் அழுத்த மின்தடம் திட்டமிடப்பட்டது. 2022-இல் முடிந்திருக்க வேண்டிய அது இப்போது 2028-ஐ இலக்காகக் கொண்டிருக்கிறது. உயர்ந்த மின்கோபுரங்களைத் தெற்கத்திய மக்கள் எதிர்க்க, கம்பித்தடம் நிலத்தடிக்கு மாற்றப்பட்டது. அளவை, அனுமதி எல்லாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கின. தடம் போதாத நேரங்களில் வடக்கே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி, தெற்கே வேறு நிலையங்களை இயக்கச் சொல்கிறார்கள். இரு தரப்புக்கும் பணம் கொடுப்பவர் மின் நுகர்வோர்.

தகவல் தொடர்பிலும் இதே பழக்கம்தான். 1981-இல் ஹெல்முட் ஷ்மிட் அரசு நாடு முழுவதும் கண்ணாடி இழைக் கம்பி பதிக்கத் திட்டமிட்டது. அடுத்து வந்த ஹெல்முட் கோல் அரசு, கேபிள் தொலைக்காட்சிக்கான செப்புக் கம்பியையே தேர்ந்தெடுத்தது. பின்னர் இணையம் வந்தபோதும், புதிய இழையைப் பதிப்பதைவிடப் பழைய செப்புக் கம்பியிலிருந்து இன்னும் கொஞ்சம் வேகத்தைப் பிழிந்தெடுப்பதே சிக்கனமாகக் கருதப்பட்டது.

2021 ஜூலையில் ஆர் பள்ளத்தாக்கிலும் சுற்றுப்புறங்களிலும் வெள்ளம் புகுந்து 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் வசதி அன்று ஜெர்மனியில் இல்லை. பக்கத்து நாடான நெதர்லாந்தில் அது 2012 முதலே இருந்தது. அந்த ஒரு வசதி எல்லோரையும் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நிர்வாகத் தவறுகளும் அங்கே நிகழ்ந்தன. ஆனால், அந்த வசதி 2023 பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதையும் மறக்க முடியாது.

2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஜெர்மனியின் பொருளாதாரம் தொடர்ந்து சுருங்கியது. இதற்கெல்லாம் பாலமும் தண்டவாளமுமே காரணம் என்பது மிகைப்படுத்தல். எரிசக்தி விலை உயர்ந்தது, மக்கள்தொகை மூப்படைகிறது, ஒரு காலத்தில் ஜெர்மானிய இயந்திரங்களையும் கார்களையும் வாங்கிக் குவித்த சீனா, இன்று அவற்றைத் தானே செய்து உலகுக்கு விற்கிறது. ஆனால், ஏற்றுமதியை நம்பி வாழும் நாட்டுக்குச் சாலையும் ரயிலும் ஆறும் உற்பத்திச் சங்கிலியின் உறுப்புகளே. 2018-இல் ரைன் நதியில் நீர் குறைந்து, கௌப் என்ற இடத்தில் அளவுகோல் 25 சென்டிமீட்டரைக் காட்டியபோது, சரக்குப் படகுகள் அரைச் சுமையும் ஏற்ற முடியாமல் தவித்தன. ஆற்றங்கரை ரசாயன ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. ஆறு வற்றும் நாளில் கைகொடுக்க வேண்டிய ரயில் பாதை ஏற்கெனவே நெரிசலில் இருந்தது.

கடன் தடையை ஆதரிப்போரின் வாதத்தையும் கேட்க வேண்டும். கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் அரசியல்வாதிகள் பாலம் கட்டமாட்டார்கள், வாக்குக் கிடைக்கும் இடத்தில் செலவிடுவார்கள் என்கின்றனர் அவர்கள். பணம் இருந்தும் திட்டங்கள் இழுபட்டதற்குச் சான்று காட்டுகின்றனர். பெர்லின் புதிய விமான நிலையம் 2012-இல் திறப்பு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது தீத்தடுப்புக் குறைபாடுகளால் தள்ளிவைக்கப்பட்டு, 2020 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அங்கே பணம் தடையாக இருக்கவில்லை.

இந்த வாதத்தில் வலு உண்டு. ஆனால், அதற்கு எதிர்ச்சான்றும் ஜெர்மனியிலேயே இருக்கிறது. 2022-இல் ரஷ்ய எரிவாயு நின்றபோது, வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் மிதக்கும் எரிவாயு முனையத்தை ஓராண்டுக்குள் கட்டி டிசம்பர் 17 அன்று திறந்தார்கள். தனிச் சட்டம் இயற்றி அனுமதி நடைமுறைகளைச் சுருக்கினார்கள். ஆக, அந்நாட்டுக்குத் திறமை போய்விடவில்லை. மேலும், நிர்வாகத் தாமதத்துக்கும் சிக்கனத்துக்கும் உறவு உண்டு. வறண்ட ஆண்டுகளில் நகராட்சிகள் முதலில் குறைத்தது பொறியாளர் பணியிடங்களைத்தான். பின்னர் மத்திய நிதி வந்தபோது, திட்டம் தீட்டி அதைப் பெற்றுச் செலவிட ஆளில்லாமல் பணம் தேங்கியது.

இறுதியில் 2025 மார்ச்சில் ஜெர்மனி தன் சாசனத்தைத் திருத்தியது. உள்கட்டமைப்புக்கென 12 ஆண்டுகளில் 50,000 கோடி யூரோ கடன் வாங்கிச் செலவிட அனுமதி கிடைத்துள்ளது. ஒருகாலத்தில் வட்டியின்றிக் கிடைத்த பணத்துக்கு, இப்போது பத்தாண்டுப் பத்திரத்தில் இரண்டரை சதவீதத்துக்கும் மேல் வட்டி. வழக்கமான நிதிநிலையில் இருந்த பாலச் செலவைப் புதிய நிதிக்கு மாற்றிவிட்டு, மிச்சமாகும் பணத்தை வேறெங்கோ செலவிடுவார்களோ என்ற அச்சத்தை அந்நாட்டுப் பொருளியலாளர்களே எழுப்பியுள்ளனர். அப்படி நடந்தால் கடன் கூடும், பழுது குறையாது.

நம் ஊரில் பொதுப்பணித் துறையைப் 'பொது மராமத்து இலாகா' என்று அழைத்த காலம் உண்டு. கட்டுவதைவிடப் பழுது பார்ப்பதே அந்தத் துறையின் முதல் வேலை என்று பெயரிலேயே சொல்லிவைத்தவர்கள் நம் முன்னோர். 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டம் நமக்கும் பற்றாக்குறைக்கு ஓர் எல்லையை வகுத்திருக்கிறது. எல்லை தேவைதான். ஆனால், ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கையுடன் பாலங்கள், ரயில் பாதைகள், மின்தடங்கள், நீர்க்குழாய்கள் எவ்வளவு தேய்ந்தன, அதில் எவ்வளவு சரிசெய்யப்பட்டது என்ற பட்டியலும் அவையில் வைக்கப்பட வேண்டும். கடனுக்கு ஒரு கணக்கு இருப்பதுபோல் பழுதுக்கும் ஒரு கணக்கு வேண்டும்.

அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அன்று நான் சொல்லத் தவறிய விடை இதுதான்: "கணக்கில் தெரியாதம்மா. அதனால்தான் அது கடனைவிட ஆபத்தானது."