கம்ப்ரஸருக்கு எது நல்ல இடம்?

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டியில் காற்றடிக்கும் கருவியைப் பொருத்தும்போது காலி இடத்தைத் தேடினால் மட்டும் போதாது.

ஜெய்சல்மேருக்கு மேற்கே சாம் மணல்மேடுகளில் வண்டியை இறக்குபவர்கள் முதலில் டயரிலிருந்து காற்றை வெளியேற்றுகிறார்கள். 30 பிஎஸ்ஐ அழுத்தம் இருந்த டயரில் 15 அல்லது 18 மட்டும் விட்டுவைத்தால் டயர் பரந்து மணலின் மேல் படிந்து ஓடும், புதையாது. சிக்கல் தொடங்குவது மணலை விட்டுத் தார்ச் சாலைக்கு ஏறிய பிறகுதான். அங்கிருந்து ஜெய்சல்மேர் நகரம் சுமார் 40 கி.மீ. சாலையில் வேகம் தானாகவே கூடும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறிக்கொண்டே போகும். கொஞ்ச தூரம் தாங்கும். அதற்கு மேல் டயர் வெடித்தால், அந்த வேகத்தில் வண்டி எங்கே போய் நிற்கும் என்பது ஓட்டுபவர் கையில் இல்லை.

வண்டியிலேயே ஏர் கம்ப்ரஸர் வைத்துக்கொள்வது இதற்காகத்தான். டேஷ்போர்டில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் சின்னக் கருவி அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 15 ஆம்பியர்தான் தாங்கும். நான்கு பெரிய டயர்களை நியாயமான நேரத்தில் நிரப்பும் கம்ப்ரஸர் 20, 30 ஆம்பியர் கேட்கும். இரட்டை சிலிண்டர் வகை 50 ஆம்பியர் வரை போகும். அதற்கு பாட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் வர வேண்டும். அதனால் கருவியை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள்.

ஒர்க்ஷாப்பில் வழக்கமாக எழும் கேள்வி, "எங்கே சார் இடம் இருக்கு?" என்பது. காலியாக ஒரு மூலை கண்ணில் பட்டதும் துளை போட்டு முடுக்கிவிடுகிறார்கள். அந்த மூலை காலியாக விடப்பட்டதற்குக் காரணம் இருக்கலாம். பெரும்பாலும் அங்கே சூடு அதிகம், அல்லது தண்ணீர் அடிக்கும்.

கம்ப்ரஸருக்கு என்ன தேவை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. எனவே டயரை 15லிருந்து 30க்கு ஏற்றுவது என்றால், டயரின் கொள்ளளவுக்குச் சமமான வெளிக்காற்றை மறுபடி ஒரு முறை உள்ளே திணிப்பதாகும். தார், கூர்க்கா போன்ற வண்டிகளின் டயர் ஒன்றில் 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நான்குக்கும் 240 லிட்டர். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் கம்ப்ரஸர் எட்டு நிமிடம் உழைக்க வேண்டும். ஒவ்வொரு டயராகக் குழாய் மாற்றும் நேரம் தனி.

இந்த எட்டு நிமிடமும் சூட்டோடு நடக்கும் போராட்டம். காற்றைச் சுருக்கினால் சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். 30 டிகிரி செல்சியஸ் காற்றை, சூடு வெளியேற வழியில்லாமல் மூன்று மடங்கு அழுத்தத்துக்குச் சுருக்கினால் அது சுமார் 140 டிகிரியைத் தொடும். உள்ளே இழுக்கும் காற்றே 70 டிகிரி இருந்தால் சுமார் 195 டிகிரிக்குப் போய்விடும். சிலிண்டரின் மேலுள்ள தகடுகள் ஓரளவு சூட்டை வெளியேற்றும் என்றாலும் வித்தியாசம் பெரிது. தவிர, சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஒவ்வொரு அடியிலும் உள்ளே போகும் காற்று 12 சதவீதம் வரை குறையும். விளைவு: கருவி அதிக நேரம் ஓடும், மேலும் சூடாகும், கடைசியில் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும். நான்காவது டயருக்காக ஓரமாக நின்று அரை மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான்.

பொருத்துவதற்கான இடங்கள் மூன்று: பானெட்டுக்குள், வண்டியின் அடியில், உள்ளே சீட்டுக்குக் கீழோ டிக்கியிலோ.

பானெட்டுக்குள் வைப்பதையே பலரும் விரும்புகிறார்கள். பாட்டரி பக்கத்தில் இருக்கிறது, ஒயர் குட்டை. மேலே இருப்பதால் தண்ணீரும் கல்லும் எளிதில் எட்டாது. குறை, சூடுதான். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரே 90 டிகிரி சூட்டில் சுற்றுகிறது. புகைக் குழாயும் டர்போவும் அதைவிடப் பல மடங்கு சூடானவை. வண்டி ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று இதைத் தணிக்கும். ஆனால் டயருக்குக் காற்றடிப்பது வண்டி நின்றிருக்கும்போது. பாட்டரி இறங்காமலிருக்க எஞ்சினும் ஓடிக்கொண்டிருக்கும். அதாவது பானெட்டுக்குள் காற்றோட்டம் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் கம்ப்ரஸர் வேலை செய்கிறது.

எனவே பானெட்டுக்குள்ளும் எல்லா மூலையும் ஒன்றல்ல. புகைக் குழாய்க்கும் டர்போவுக்கும் எதிர்ப் பக்கம், மட்கார்டின் உட்புறச் சுவரில் ஒரு தாங்கி அமைத்து வைப்பது நல்லது. ரேடியேட்டருக்கு நேர் பின்னால் கூடாது; அதன் விசிறி தள்ளும் சூடான காற்று முழுவதும் கம்ப்ரஸரின் மேல்தான் விழும். எஞ்சினின் மேலேயே பூட்டுவதும் தவறு. எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளில் அசைந்துகொண்டே இருக்கும். குழாயும் ஒயரும் நாளடைவில் அறுந்துவிடும். காற்றடிக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்தால் பாதிப் பிரச்னை தீரும். இதற்குச் செலவே இல்லை. பழைய மாருதி ஜிப்சியில் எஞ்சின் சின்னது என்பதால் பக்கத்தில் கை நுழைய இடம் இருந்தது. இன்றைய டர்போ டீசல் வண்டியில் அப்படி ஓர் இடம் கிடைப்பது சிரமம்.

அடுத்தது வண்டியின் அடிப்பகுதி, அதாவது சேஸிஸ் சட்டத்தின் பக்கவாட்டு அல்லது பின் பம்பருக்கு உட்புறம். இங்கே குளிர்ச்சி உண்டு, இடமும் உண்டு. தண்ணீரும் சேறும் கல்லும் கூடவே உண்டு. தார் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும் கூர்க்கா 700 மில்லிமீட்டரிலும் இறங்கலாம் என்கின்றன அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள். ஆனால் சேஸிஸ் சட்டம் அதற்குக் கீழேயே இருக்கிறது. வண்டிக்குப் பாதுகாப்பான ஆழத்தில் கம்ப்ரஸர் முழுகிவிடும்.

முழுகுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சூடாக இருக்கும் கருவி திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீல்களின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 'ஐபி67' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி இங்கே பொருத்தக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தண்ணீர் புகாது என்பது அதன் பொருள். காற்றை உள்ளிழுக்கும் வாய் திறந்துதானே இருக்கிறது! 2014ல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா போட்டி மழைக்காலச் சேற்றை நம்பியே நடப்பது. அப்படிப்பட்ட பாதைகளில் போகும் வண்டிக்கு அடிப்பகுதி உகந்ததல்ல. இடம் கிடைக்கிறது என்பதற்காக சேஸிஸ் சட்டத்தில் துளை போடவே கூடாது. வண்டியின் முழு எடையையும் தாங்குவது அந்தச் சட்டம். ஏற்கனவே இருக்கும் துளைகளில் தாங்கியைப் பூட்ட வேண்டும்.

மூன்றாவது, வண்டிக்குள். சீட்டின் அடியிலோ டிக்கியின் பக்கச் சுவரிலோ வைத்தால் தண்ணீர் பயமில்லை. பாலைவனத் தூசும் குறைவு. சத்தமும் சூடும் உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்றாலும் காற்றடிக்கும்போது எல்லோரும் இறங்கித்தான் நிற்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியவை வேறு. சீட்டுக்கடியில் மஞ்சள் நிற உறையோடு போகும் ஒயர்கள் ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டவை. அவற்றைத் தொடக் கூடாது. கம்ப்ரஸரைக் கம்பளத்தின் மேல் சும்மா வைக்கவும் கூடாது. சில கிலோ எடையுள்ள இரும்பு, மோதலின்போது பறந்து வந்து தலையில் விழும். அடியில் தகடு கொடுத்து, தளர்ந்துபோகாத நைலாக் நட்டுகளால் முடுக்க வேண்டும்.

கருவி பின்னால் போகப் போக ஒயர் நீளும். பாட்டரியிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருந்தால், போகவும் திரும்பவும் எட்டு மீட்டர். அதில் 30 ஆம்பியர் பாயும்போது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் சுமார் 1.6 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. மோட்டார் மெதுவாகச் சுற்றும், வேலை நீளும், சூடு ஏறும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் இழப்பு 0.7 வோல்ட்தான். விலையில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். அது பாட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். கம்ப்ரஸருக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவழியில் ஒயரின் உறை தகட்டில் உரசித் தேய்ந்து ஷார்ட் ஆகும்போது தடுக்க எதுவும் இருக்காது. வண்டி தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

மூன்று இடத்திலும் குறை இருக்கிறதே, என்னதான் செய்வது? பதில் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளில் இருக்கிறது. ஏர் பிரேக்குக்காக லாரியின் எஞ்சினே ஒரு கம்ப்ரஸரைச் சுற்றுகிறது. அந்தக் காற்றிலிருந்தே குழாய் போட்டு டயருக்கும் நிரப்பிக்கொள்ளும் ஓட்டுநர்கள் உண்டு. அந்த அமைப்பில் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. கம்ப்ரஸர் மேலே எஞ்சினோடு இருக்கிறது. இழுக்கும் காற்று பெரும்பாலும் எஞ்சினின் ஏர் ஃபில்டரில் வடிகட்டப்பட்டு வருகிறது. காற்றுத் தொட்டி கீழே சேஸிஸில், குளிர்ச்சியான இடத்தில். தொட்டியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு வால்வு.

சின்ன வண்டிக்கும் இது பொருந்தும். கருவி இருக்கும் இடமும் அது காற்றை இழுக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஃபில்டரைக் கழற்றி, குறுகலில்லாத ஒரு குழாய் வழியாகச் சூடும் தண்ணீரும் இல்லாத உயரமான இடத்துக்குக் கொண்டுபோக முடியும். பானெட்டுக்குள் இருக்கும் கம்ப்ரஸர் அப்போது வெளிக்காற்றை இழுக்கும். எஞ்சினின் ஃபில்டர் பெட்டியில் துளை போட்டு இணைப்பதைத் தவிர்க்கலாம். புதிய எஞ்சின்களில் உள்ளே போகும் காற்றை அளக்க சென்ஸார் உண்டு; வாரன்டிக்கும் பிரச்னை வரும். காற்றழுத்தத்தில் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்கர் பொருத்தியிருப்பவர்களுக்கு இந்த உயரக் குழாய் கட்டாயம். அவர்களுடைய கம்ப்ரஸர் ஆற்றின் நடுவிலும் ஓட வேண்டியிருக்கும். வெளியே போகும் குழாயிலும் முதல் அரை மீட்டராவது எஃகு வலை பின்னியதாக இருக்க வேண்டும். சாதாரண ரப்பர் அந்தச் சூட்டில் இளகிவிடும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. பாங்காங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதம். டயருக்குத் தேவையான காற்று குறையவில்லை; ஒவ்வொரு அடியிலும் கிடைக்கும் காற்றுதான் குறைகிறது. டெல்லியில் பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்கு அங்கே பதினாறு, பதினேழு நிமிடம் ஆகும். மெல்லிய காற்று கருவியைக் குளிர்விப்பதும் குறைவு. பஞ்சர் ஒட்டிய டயரைப் பூஜ்யத்திலிருந்து நிரப்புவதென்றால் சொல்லவே வேண்டாம். சமவெளியில் தட்டுத்தடுமாறிச் சமாளித்த இடம் லடாக்கில் கைவிட்டுவிடும்.

ஆக, போகும் பாதையை வைத்தே இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். ஆறுகளைக் கடக்கும் வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஓட்டுபவர்களுக்கு பானெட்டின் மேல்பகுதிதான் சரி. ராஜஸ்தானிலும் கட்ச்சிலும் ஓட்டுபவர்கள் சூட்டுக்கும் தூசுக்கும் பயந்து வண்டிக்குள் வைக்கலாம், தடித்த ஒயரோடு. மலைக்குச் செல்பவர்கள் பாட்டரிக்கு அருகிலும் காற்றோட்டத்திலும் வைக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் போகும் வண்டி என்றால் பானெட்டுக்குள் வைத்து, காற்றை வெளியிலிருந்து இழுப்பதே பாதுகாப்பான வழி. எங்கே வைத்தாலும் ஃபில்டரைக் கையால் கழற்ற முடிய வேண்டும். ஃபியூஸ் மாற்ற வேறெதையும் அவிழ்க்கும்படி இருக்கக் கூடாது. தாரும் ஜிம்னியும் 3,985 மில்லிமீட்டர் நீளம். முன்னால் வைத்த கம்ப்ரஸரிலிருந்து பின் டயர்கள் இரண்டையும் எட்ட ஆறு மீட்டர் குழாயாவது வேண்டும்.

துளை போடுவதற்கு முன் தற்காலிகமாகக் கட்டி வைத்து ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அரை மணி நேரம் ஓட்டிய சூட்டோடு வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, நான்கு டயரையும் 15க்கு இறக்கி, மறுபடி 30க்கு ஏற்ற வேண்டும். நடுவில் கம்ப்ரஸர் நின்றுபோனால் இடம் சரியில்லை. அது வாசலிலேயே தெரிந்துவிட்டால், மிஞ்சிப் போனால் பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை மெதுவாகப் போய்க் காற்றடித்துக்கொள்ளலாம். சாம் மணல்மேட்டில் தெரிந்தால், எதிரே 40 கி.மீ. தார்ச் சாலை இருக்கும்.