படகு இத்தாலியைத் தொடவே இல்ல... சட்டம் தொடுமா? ஐரோப்பிய குடியேற்றச் சட்டத்தை இப்படித்தான் சொல்லித்தரணும்!

முதலில் ஒரு சின்னக் கேள்வி. கூகுள் பண்ணாம பதில் சொல்லிப் பாருங்க.

2009 மே 6. லிபியாவிலிருந்து கிளம்பிய மூன்று படகுகளில் சுமார் 200 பேர். இத்தாலியின் லம்பெடூசா தீவுக்குத் தெற்கே 35 கடல் மைல் தொலைவில், சர்வதேசக் கடல் பகுதியில், இத்தாலிய அரசுக் கப்பல்கள் அவர்களை மறிக்கின்றன. எல்லோரையும் கப்பலில் ஏற்றுகிறார்கள். பெயர் கேட்கவில்லை, எந்த நாடு என்று கேட்கவில்லை, எங்கே கொண்டுபோகிறோம் என்றும் சொல்லவில்லை. சுமார் பத்து மணி நேரம் கழித்துக் கப்பல் போய் நின்ற இடம், திரிபோலி. லிபிய அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

அந்த 200 பேரில் ஒருவர்கூட இத்தாலி மண்ணில் கால் வைக்கவில்லை. அப்படியென்றால், இத்தாலி ஐரோப்பியச் சட்டத்தை மீறியதா, இல்லையா?

ஐரோப்பாவின் குடியேற்றச் சட்டத்தைக் கல்லூரியில் சொல்லித்தருவதாக இருந்தால், முதல் வகுப்பு இந்தக் கேள்வியோடுதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. விதிமுறை எண்களையும் ஆண்டுகளையும் ஸ்லைடு ஸ்லைடாகத் தள்ளிக்கொண்டு போவதில் மாணவருக்கு ஒன்றும் ஒட்டாது. ஏன் என்று பார்ப்போம்.

என்ன தீர்ப்பு வந்தது?

அந்தப் படகுகளில் இருந்த 24 பேர் (சோமாலியர்கள் 11, எரித்ரியர்கள் 13) ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2012 பிப்ரவரி 23-ல் தீர்ப்பு. 'ஹிர்சி வழக்கு' என்று சட்ட மாணவர்கள் சொல்வது இதைத்தான்.

நீதிமன்றம் சொன்னது சிம்பிள்: கப்பல் இத்தாலியக் கொடியோடு போகிறது, ஊழியர்கள் இத்தாலியர்கள், மறிக்கப்பட்டவர்கள் முழுக்க அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். அதனால் நடுக்கடலாக இருந்தாலும் இத்தாலியின் பொறுப்பு அங்கேயும் உண்டு. சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்துள்ள இடத்துக்கு ஆட்களை அனுப்பியது தப்பு. தனித்தனியாக விசாரிக்காமல் கூட்டமாகத் திருப்பி அனுப்பியதும் தப்பு. ஒவ்வொருவருக்கும் 15,000 யூரோ இழப்பீடு.

ஒரே வழக்குதான். ஆனால் எல்லை என்றால் என்ன, ஒரு அரசின் பொறுப்பு எங்கே முடிகிறது, தஞ்சம் கேட்கும் வாய்ப்பே தராமல் ஒருவரை அனுப்பலாமா என்று ஒரு செமஸ்டருக்குத் தேவையான கேள்விகள் அதற்குள்ளேயே இருக்கு.

மாணவர்கள் எங்கே குழம்புகிறார்கள்?

'ஐரோப்பியச் சட்டம்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மூன்று அடுக்கு.

முதல் அடுக்கு, 1951-ன் அகதிகள் ஒப்பந்தம். இது உலகளாவியது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்கும் இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது இதன் 33-வது பிரிவு.

இரண்டாவது, ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கை. ஐரோப்பிய கவுன்சிலின் 46 நாடுகள் இதற்குள் வருகின்றன. நீதிமன்றம் இருப்பது ஸ்ட்ராஸ்பூர்க்கில்.

மூன்றாவது, 27 நாடுகள் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தச் சட்டங்கள். இதன் நீதிமன்றம் லக்ஸம்பர்க்கில். டப்ளின் விதிமுறை, ஷெங்கன் விதிகள் எல்லாம் இந்த அடுக்கில்தான் வரும்.

இரண்டு நீதிமன்றங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்வது மாணவர்கள் மட்டுமில்லை. செய்தி எழுதும் நாங்களும்தான். 'ஐரோப்பிய நீதிமன்றம் அதிரடி' என்று தலைப்பு வைத்துவிடுவோம். எந்த நீதிமன்றம் என்று உள்ளே தேடினாலும் இருக்காது.

இந்த மூன்று அடுக்கும் எங்கே ஒன்றோடு ஒன்று மோதுகிறது என்பதையும் வழக்கு வழியாகத்தான் காட்ட முடியும். டப்ளின் விதியின்படி, தஞ்சம் கேட்பவர் பெரும்பாலும் முதலில் நுழைந்த நாடுதான் விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும். ஒரு ஆப்கானியர் கிரீஸ் வழியாக பெல்ஜியம் வந்தார். விதிப்படி பெல்ஜியம் அவரை கிரீஸுக்கே அனுப்பியது. அங்கே மோசமான தடுப்பு முகாம், பிறகு தெருவில் வாழ்க்கை. 2011-ல் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் கிரீஸோடு சேர்த்து பெல்ஜியத்தையும் குற்றம் சாட்டியது. 'அவங்களும் ஒன்றியத்துல இருக்கற நாடுதானே, நம்பி அனுப்பினோம்' என்பது போதாது என்றது. அதாவது, ஒன்றியத்தின் விதியை அப்படியே பின்பற்றிய ஒரு நாடு, மனித உரிமை உடன்படிக்கையை மீறிவிட்டது! இதை வெறும் பாடக்குறிப்பில் படிச்சா புரியுமா?

சட்டம் வேற, கொள்கை வேற

இன்னொரு விஷயம். சட்டத் துறை சட்டத்தை மட்டும் எடுக்கும். அரசியல் துறை கொள்கையை மட்டும் எடுக்கும். ஆனால் குடியேற்ற விவகாரத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கின்றன.

ஹிர்சி வழக்குக்குப் பிறகு என்ன ஆச்சு? தன் கப்பலில் ஏற்றி லிபியாவுக்கு அனுப்பினால் இத்தாலி மாட்டிக்கொள்ளும். சரி, லிபியக் கடலோரக் காவல் படையே மறித்துக்கொண்டு போனால்? 2017 பிப்ரவரியில் இத்தாலி, லிபியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அந்தப் படைக்குப் படகும் பயிற்சியும் போனது. அதே ஆண்டு நவம்பரில் லிபியக் கப்பல் ஒன்று ஈடுபட்ட சம்பவம் வழக்கானது. 2025 ஜூனில் ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், அங்கே இத்தாலியின் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லி வழக்கை ஏற்கவில்லை.

தீர்ப்பு ஒரு கதவை மூடினால், கொள்கை ஜன்னல் பக்கமாகப் போகிறது. 2012 தீர்ப்பை மட்டும் படித்த மாணவர், பிரச்சினை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பட்டம் வாங்கிவிடுவார்.

இன்னொரு உதாரணம், 2016 மார்ச் 18-ல் வந்த ஐரோப்பிய ஒன்றியம் - துருக்கி அறிக்கை. கிரேக்கத் தீவுகளுக்கு வருபவர்களைத் துருக்கிக்குத் திருப்பி அனுப்புவது, பதிலுக்கு நிதி உட்படப் பல சலுகைகள். இதை எதிர்த்து வழக்குப் போட்டபோது, இது ஒன்றியத்தின் செயலே இல்லை, அதனால் விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2017-ல் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் கைவிரித்தது. செய்திக்குறிப்பு வடிவில் வந்த ஒரு உடன்பாடு, ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கையை மாற்றியது. நீதிமன்றத்தால் தொட முடியவில்லை. 'அப்போ சட்டம்னா என்ன?' என்று ஒரு மாணவர் கேட்டால், அந்த வகுப்பு ஜெயித்துவிட்டது.

நம்ம ஆட்களின் இரண்டு வழக்குகள்

தீர்ப்பை முழுசாகப் படிக்கச் சொல்லித்தருவது ஏன் முக்கியம் என்பதற்கு, ஈழத்தமிழர்களின் இரண்டு வழக்குகளே சாட்சி.

1991-ல் வில்வராஜா வழக்கு. பிரிட்டன் தஞ்சம் மறுத்து இலங்கைக்கு அனுப்பிய ஐந்து தமிழர்கள் ஸ்ட்ராஸ்பூர்க் போனார்கள். அந்த நேரத்தில் பிரிட்டனுக்குத் தெரிந்திருந்த தகவல்களின்படி, மற்ற தமிழர்களைவிட இவர்களுக்குத் தனிப்பட்ட ஆபத்து அதிகம் என்று சொல்ல முடியாது. உடன்படிக்கை மீறப்படவில்லை என்றது நீதிமன்றம்.

2008-ல் இன்னொரு இலங்கைத் தமிழரின் வழக்கு. அதே பிரிட்டன், அதே 3-வது பிரிவு. இந்த முறை அவரை அனுப்பக்கூடாது என்று தீர்ப்பு. இடையில் என்ன மாறியது? தமிழர் என்பதற்காக மட்டும் ஆபத்து என்று நீதிமன்றம் இப்போதும் சொல்லவில்லை. ஆனால் முன்பு கைதான பதிவு, உடம்பில் உள்ள தழும்புகள் போன்ற அம்சங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது.

ஒரு தழும்பு ஒருவரின் விதியை மாற்றுகிறது. இதைச் சுருக்கக் குறிப்பில் படித்தால் 'மீறல் இல்லை', 'மீறல் உண்டு' என்று இரண்டு வரிதான் மிஞ்சும்.

வகுப்பறைக்கு வெளியே ஒரு வகுப்பு

ஜெர்மனியில் ஒரு நல்ல முறை இருக்கிறது: அகதிகளுக்கான சட்ட உதவி மையங்கள். 2008-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், தகுதிபெற்ற வழக்கறிஞரின் வழிகாட்டுதலில் மாணவர்கள் இலவசமாகச் சட்ட ஆலோசனை தர வழி செய்தது. கீசன் பல்கலைக்கழகம் இதில் முன்னோடி. பிறகு பல நகரங்களுக்குப் பரவியது. ரோம் நகரின் ரோமா த்ரே பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒரு மையம் உண்டு.

தஞ்சம் கேட்டு வந்தவர் நேர்காணலுக்குத் தயாராகும்போது எதிரில் உட்காரும் மாணவருக்கு ஒரு விஷயம் உடனே புரியும். பயத்தில் தேதி மறந்துபோகும், மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை மாறிப்போகும், அதையே 'முன்னுக்குப் பின் முரண்' என்று அதிகாரி எழுதிவிடுவார். எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லித்தராது.

'இது பாடமா, போராட்டமா?'

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அகதிகள் பக்கம் மட்டும் நின்று பாடம் நடத்தினால், அது பிரச்சாரம் ஆகிவிடும்.

இதற்குத் தீர்வும் வழக்குகளிலேயே இருக்கு. ஹிர்சியைப் படித்தவர்கள், 2020-ல் வந்த மெலில்யா தீர்ப்பையும் படிக்க வேண்டும். மொராக்கோவிலிருந்து கூட்டமாக வேலி ஏறிக் குதித்த இருவரை ஸ்பெயின் உடனடியாகத் திருப்பி அனுப்பியது. முறையான வழி இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் பலவந்தமாக நுழைந்ததால், ஸ்பெயின் செய்தது மீறல் இல்லை என்றது அதே நீதிமன்றம். இந்த இரண்டு தீர்ப்புக்கும் ஆதரவாக ஒரு முறை, எதிராக ஒரு முறை வாதாடச் சொல்லுங்கள். மாணவரின் சொந்தக் கருத்து எதுவானாலும் பரவாயில்லை. வாதம் தெரிந்தால் போதும்.

'சட்டம்தான் தினமும் மாறுதே, எதைச் சொல்லித்தருவது?' என்ற சலிப்பும் உண்டு. 2024-ல் ஒன்றியம் நிறைவேற்றிய புதிய குடியேற்ற ஒப்பந்தத் தொகுப்பு, 2026 ஜூன் முதல் பொருந்தும் வகையில் டப்ளின் விதியையே மாற்றி எழுதுகிறது. அகதிகளை ஏற்க விரும்பாத நாடு, ஒருவருக்கு 20,000 யூரோ என்ற கணக்கில் பங்களிக்கலாம். எண்களை மனப்பாடம் செய்தவருக்கு இது தலைவலி. 'முதலில் நுழைந்த நாடு ஏன் சுமக்க வேண்டும்?' என்ற கேள்வியோடு படித்தவருக்கு, பழைய கேள்விக்கு வந்த புதிய பதில். அவ்ளோதான்.

நமக்கு என்ன?

நிறையவே இருக்கு. ஐரோப்பாவில் முதுகலை படிக்கப் போகும் நம்ம பசங்களும் இந்தச் சட்டத்துக்குள்தான் வாழ்கிறார்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேட குறைந்தது 9 மாதம் தங்கலாம் என்பது 2016-ன் ஒன்றிய நெறிமுறை. டென்மார்க், அயர்லாந்துக்கு இது பொருந்தாது. ஜெர்மனி 18 மாதம் தருகிறது. 2022-ல் உக்ரைனியர்களுக்காக முதல்முறையாக இயக்கப்பட்ட தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம், அங்கே மாணவர் அனுமதியில் மருத்துவம் படித்த இந்தியர்களைத் தானாக உள்ளே சேர்க்கவில்லை. அந்த விதி 2001-லிருந்தே புத்தகத்தில் இருந்தது. 2015-ல் லட்சக்கணக்கான சிரியர்கள் வந்தபோது ஏன் தூசு தட்டவில்லை? இதுவும் நல்ல தேர்வுக் கேள்வி.

2025 ஏப்ரலில் 'பாதுகாப்பான நாடுகள்' என்று ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த 7 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அந்தப் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து வந்து தஞ்சம் கேட்டால், விண்ணப்பம் வேகப் பாதையில் போகும். நாடு பொதுவாகப் பாதுகாப்பானது என்பதும், அந்த நபருக்குப் பாதுகாப்பானது என்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போவது, இன்று ஏதோ ஒரு ஐரோப்பிய வகுப்பறையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வருங்கால அதிகாரிதான்.

கடைசியாக ஒரு ஒப்புதல். டெஸ்க்கில் சேர்ந்த புதிதில், படகு கவிழ்ந்த செய்தி ஒன்றுக்கு 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று தலைப்பு வைத்தேன். ஆபத்திலிருந்து நேராகத் தப்பி வந்து, தாமதிக்காமல் தங்களைத் தெரிவித்துக்கொள்ளும் அகதிகளை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 1951 ஒப்பந்தத்தின் 31-வது பிரிவு சொல்வது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று வருடம் ஊடகவியல் படித்தவள் நான். யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இறந்தவர்கள் அகதிகளா, இல்லையா என்று யாரும் இன்னும் விசாரிக்கக்கூட இல்லை. நான் தலைப்பிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.