கேஸ் முடியவில்லை, கெடு ஓடுகிறது!

அத்திப்பட்டுத் தோழர்களே!

சிறையில் இருக்கும் நம் தோழர் சிகிச்சை கேட்டு உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனு முந்தாநாள் தள்ளுபடியானது. அதற்குள் டீக்கடையில் 'கேஸ் முடிஞ்சுபோச்சு' என்கிறார்கள். யார் சொன்னது? தனி நீதிபதி தள்ளியதை இரண்டு நீதிபதிகள் அமர்வுக்கு ரிட் அப்பீலாகக் கொண்டுபோகலாம். கெடு 30 நாள். இரண்டு நாள் போய்விட்டது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியின் வழக்கை நினைத்துப் பாருங்கள். விடுதலை கேட்ட மனுவை 2022 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்துக்கு உள்ள, அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவின் அதிகாரம் தனக்கு இல்லை என்றது. அவர் மேலே போனார். நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது.

நமக்கு முதல் முட்டுக்கட்டை நீதிபதி அல்ல, நகல். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைக்க ஆகும் நாள்களைச் சட்டம் கெடுவில் சேர்க்காது. ஆனால் நகலுக்கு விண்ணப்பித்த நாளிலிருந்துதான் அந்தச் சலுகை. நாம் சும்மா இருந்த நாள்கள் நம் கணக்கில்தான் ஏறும். கெடு தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி தனி மனு, ஏன் தாமதம் என்று விளக்கம், அதற்கு எதிர்த்தரப்பின் ஆட்சேபம். அது முடியும்வரை மூல வழக்கை யாரும் தொடவே மாட்டார்கள்.

ஹோஸ்காட் என்ற கைதியின் வழக்கு இதற்குச் சாட்சி. 1973இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் 1978இல்தான் கைக்கு வந்தது என்றார். அதற்குள் தண்டனையையே அனுபவித்து முடித்துவிட்டார்! அவர் மனு தோற்றது. ஆனால் தண்டனைக் கைதிக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகத் தரவேண்டும், வழியில்லாதவருக்கு வக்கீலும் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது அந்தத் தீர்ப்பில்தான்.

அடுத்தது வக்காலத்து. தோழர் உள்ளே கையெழுத்துப் போட்டால் போதாது, சிறைக் கண்காணிப்பாளரின் சான்றொப்பமும் வேண்டும். அதற்கு ஒரு வாரம் இழுக்கலாம். நாளை மனு போட்டுப் பார்க்கப் போகிறவர் தாளைக் கையோடு கொண்டுபோகட்டும்.

பணத்துக்கு யாரும் கடன் வாங்கவேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அது. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வக்கீலிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: மனு எந்த வகையில் பதிவானது? குற்றவியல் வகை என்றால் அமர்வுக்கு அப்பீல் கிடையாது. நேரே டெல்லிதான், அதற்குக் கெடு 90 நாள்.

நாளைக் காலை அத்திப்பட்டுப் புதுநகர் ஸ்டேஷனில் கூடுவோம். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் தூக்கத்தை ரயிலில் பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் நகல் பிரிவுக்கு, இருவர் சட்டப் பணிகள் குழுவுக்கு. மனு எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வாருங்கள்.