குடிமைப் பணித் தேர்வும் நம் பிள்ளைகளும்

சங்க அலுவலாக ஊர்தோறும் செல்லும் என் போன்றோரிடம் அங்கத்தினர்கள் கேட்பவை பெரும்பாலும் நூல் விலை, கூலி, உரம், கடன் ஆகியவை பற்றிய கேள்விகளே. அண்மையில் அவற்றோடு மற்றொன்றும் சேர்ந்துள்ளது. “பையன் பட்டம் வாங்கிவிட்டான், கலெக்டர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்கிறான். எவ்வளவு செலவாகும்?” என்பதே அது. செலவைக் கேட்போர் பலர். எதைப் படிக்க வேண்டும் என்று கேட்போர் சிலரே. இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டால், முதற் கேள்வியின் பாரம் பெருமளவு குறைந்துவிடும் என்பது என் துணிபு.

இத்தேர்வை நடத்துவது தில்லியிலுள்ள மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம். ஆட்சிப் பணி, காவல் பணி, அயல்நாட்டுப் பணி, வருவாய்ப் பணி முதலிய பலவற்றிற்கும் இது ஒன்றே வாயில். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு பட்டம் போதும். அஞ்சல் வழியில் பெற்ற பட்டமும் செல்லும். வயது 21க்குக் குறையாமலும் 32க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டும் சலுகை உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்குரிய சலுகையைப் பெற, வகுப்பின் பெயர் மத்திய அரசின் பட்டியலில் இருப்பதோடு குடும்பம் வருமான வரம்புக்கு உட்பட்டும் இருத்தல் அவசியம். மாநிலப் பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. இச்சான்றை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்வது நலம்.

தேர்வு மூன்று நிலைகளை உடையது. முதனிலைத் தேர்வில் இரண்டு தாள்கள். முதல் தாளில் 100 கேள்விகள்; தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அக்கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். இரண்டாம் தாள் கணக்கும் படித்துணரும் ஆற்றலும் பற்றியது. 200க்கு 66 பெற்றால் போதுமானது. அடுத்த முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள். அவற்றுள் இந்திய மொழி ஒன்று, ஆங்கிலம் ஒன்று ஆகிய இரண்டும் தகுதித் தாள்கள் மட்டுமே. ஆயினும் ஒவ்வொன்றிலும் 300க்கு 75 பெறாதவரின் மற்ற தாள்கள் கணக்கில் கொள்ளப்படமாட்டா. எஞ்சிய ஏழு தாள்களுக்கு 1,750 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 275. இவ்விரண்டும் சேர்ந்த 2,025க்குப் பெறும் மதிப்பெண்ணே தரவரிசையை நிர்ணயிக்கிறது.

2025ஆம் ஆண்டின் அறிவிப்பில் இடங்கள் 979. விண்ணப்பம் செய்வோரோ ஆண்டுதோறும் பல லட்சம். இந்நிலையில், வீட்டு நகையை அடகு வைத்தும், நிலத்தை ஈடு காட்டியும், தறியை விற்றும் பிள்ளையைத் தொலைநகரத்துப் பயிற்சிக் கூடத்திற்கு அனுப்புவது எத்துணைப் பெரிய துணிச்சல் என்பதை நம்மவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறையாகப் படித்தால் முதலாண்டுக்கு வேண்டிய செலவு மிகச் சிறிதே என்று சொல்லுகிறேன்.

முதலில் படிக்க வேண்டியது பாடத்திட்டம். தேர்வாணையத்தின் அறிவிப்பிலேயே அது முழுமையாக அச்சிடப்பட்டுள்ளது; அதற்கு விலை இல்லை. பாவு ஓட்டாமல் ஊடை நூலை மட்டும் வாங்கிக் குவிக்கும் நெசவாளர் நம்மில் எவரும் இலர். ஆனால் பாடத்திட்டத்தை ஒருமுறையேனும் கருத்தூன்றிப் படிக்காமல் புத்தகங்களை வாங்கிக் குவிக்கும் மாணவர் பலர் இருக்கின்றனர். பாடத்திட்டத்தோடு முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களையும் வைத்துப் பார்த்தால், எப்பகுதியில் எத்தகைய கேள்வி வருகிறது என்பது தானாகவே விளங்கும். அவ்வினாத்தாள்களும் தேர்வாணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டாவதாக, பள்ளிப் பாடநூல்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல், அறிவியல் நூல்களே அடித்தளம். தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் தமிழிலும், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் நூல்கள் ஆங்கிலத்திலும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. பட்டதாரி ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டுவது கௌரவக் குறைவு என்று கருதலாகாது. இவற்றிற்குப் பின்னர் அரசியலமைப்புக்கு ஒரு நூல், தற்கால வரலாற்றுக்கு ஒரு நூல், பொருளாதாரத்திற்கு ஒரு நூல், மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொருளாதார ஆய்வறிக்கை, நாள்தோறும் ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ் ஆகியவை போதுமானவை. மத்திய அரசின் ‘யோஜனா’ இதழ் ‘திட்டம்’ என்னும் பெயரில் தமிழிலும் வெளிவருகிறது. பத்து நூல்களை ஒருமுறை படிப்பதைவிட ஒரு நூலைப் பலமுறை படிப்பதே பயன் தரும்.

மூன்றாவதாக, நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் முதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொதுப் பாடத் தாள்கள் நான்கிற்கும் சேர்த்து 1,000 மதிப்பெண். பண்பாடு, வரலாறு, சமுதாயம் ஒரு தாள். அரசியலமைப்பும் ஆட்சிமுறையும் ஒரு தாள். பொருளாதாரம், வேளாண்மை, அறிவியல், சுற்றுச்சூழல் ஒரு தாள். அறநெறி ஒரு தாள். இவற்றில் கேட்கப்படும் பொருள்களுள் பல நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கின்றன.

நெல் கொள்முதல் நிலையத்தின் முன் மூட்டைகளோடு காத்திருந்த உழவரின் மகனுக்கு, ஈரப்பதம் 17 சதவீதத்தை மீறினால் என்ன நேரும் என்பதை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த வரம்பை விதிப்பவர் யார், குறைந்தபட்ச ஆதரவு விலை எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது, கொள்முதல் செய்த நெல் பொது விநியோகத்திற்கு எவ்வாறு செல்கிறது, மழைக்காலத்தில் வரம்பைத் தளர்த்தினால் சேமிப்பில் நேரும் நஷ்டம் யாது என்பவற்றை அவன் கற்றே ஆகவேண்டும். நெசவாளரின் மகளும் அவ்வாறே. ஆகஸ்டு 7ஆம் நாள் கைத்தறி தினம் என்பது அவள் அறிந்ததே. 1905இல் அதே நாளில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் அறிவிக்கப்பட்டது என்பதையும், அதன் நினைவாகவே 2015 முதல் இத்தினம் கொண்டாடப்படுகிறது என்பதையும் அறியும்பொழுது வரலாற்றுத் தாளின் ஒரு பகுதி அவளுக்குச் சொந்தமாகிறது. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் பெற்றுள்ள புவிசார் குறியீட்டிலிருந்து 1999ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும், அறிவுசார் சொத்துரிமை என்னும் பாடத்திற்கும் அவள் எளிதிற் செல்லலாம்.

நம் சங்கமே ஒரு பாடம். சென்னை மாகாணத்தில் பிரடெரிக் நிக்கல்சன் 1895இல் அளித்த அறிக்கை, 1904ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், 2011இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 97ஆவது திருத்தம் ஆகியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள். அத்திருத்தத்தின் ஒரு பகுதி மாநிலச் சங்கங்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலில் அடங்கியவை. அத்தகைய திருத்தத்திற்கு வேண்டிய பாதி மாநிலங்களின் ஒப்புதல் பெறப்படவில்லை என்பதே காரணம். மத்திய, மாநில அதிகாரப் பங்கீட்டை இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் அரிது. கேள்வி எதுவாயினும் அனுபவத்தோடு சட்டத்தையும், சட்டத்தோடு மறுதரப்பு நியாயத்தையும் சேர்த்து எழுதுபவரின் விடை தனித்துத் தெரியும். அனுபவம் மட்டும் இருந்தால் அது முறையீடாகவே நின்றுவிடும்.

விருப்பப் பாடத்திற்கு இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். உழவர் வீட்டுப் பிள்ளை என்பதால் வேளாண்மையை எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் உண்டு. அப்பாடம் மரபியல், பயிர் உடலியல், மண்ணியல் முதலியவற்றைப் பட்டப்படிப்பின் அளவில் கேட்பது. அத்துறையில் பட்டம் பெறாதவர் பாடத்திட்டத்தை நன்கு பார்த்த பின்னரே முடிவு செய்தல் வேண்டும். தமிழில் ஆழ்ந்த பயிற்சி உடையவர் தமிழ் இலக்கியத்தை எடுக்கலாம். எப்பாடத்தை ஓராண்டுக் காலம் சலிப்பின்றிப் படிக்க இயலுமோ அதுவே ஏற்ற பாடம்.

மொழியைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழில் எழுதலாம். நேர்முகத் தேர்வையும் தமிழில் எதிர்கொள்ளலாம். இது நமக்குரிய உரிமை. ஆனால் முதனிலைத் தேர்வின் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அமைகிறது. முதன்மைத் தேர்விலும் மொழிப் பாடங்கள் தவிர்த்த வினாத்தாள்களின் நிலை அதுவே. கிராமத்துப் பிள்ளைக்கு இது பெருந்தடை என்பதில் ஐயமில்லை; வினாத்தாளும் தமிழில் அமைதல் வேண்டும் என்று கேட்பது நியாயமே. அது கைகூடும் வரையில், தமிழில் எழுத விரும்புபவரும் ஆங்கிலத்தில் படித்துணரும் ஆற்றலைப் பெற்றே தீரவேண்டும். கல்லூரியில் சேர்ந்த முதலாண்டு முதலே நாளொன்றுக்கு ஓர் ஆங்கிலத் தலையங்கத்தைப் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் பத்து வரிகளில் எழுதிவரின் இரு மொழியும் ஒருங்கே வளரும்.

எழுத்துப் பயிற்சியை விட்டுவிடலாகாது. பொதுப் பாடத் தாளில் மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஒரு விடைக்கு 9 நிமிடமே கிடைக்கிறது. 150 சொற்களிலும் 250 சொற்களிலும் கருத்தைச் செறிவாகச் சொல்லும் பழக்கம் கைக்கு வந்தாக வேண்டும். தறியில் உட்காராமல் நெசவைப் பார்த்தே கற்றவர் யார்?

பயிற்சிக் கூடம் இன்றித் தேற முடியாது என்பாரும் உளர். மாதிரித் தேர்வுகளுக்கும், படிப்புத் தோழமைக்கும் அது உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. அதற்கும் கடன்படுமுன் தமிழ்நாட்டு அரசின் வாயிலைத் தட்டிப் பார்க்கலாம். சென்னையில் அரசின் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வு நடத்தி மாணவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளிக்கிறது. 2023இல், முதனிலைத் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் ஊக்கத்தொகை வழங்கும் திட்டமும் அரசால் அறிவிக்கப்பட்டது.

இறுதியாக, காலத்திற்கும் ஓர் எல்லை வகுத்தல் வேண்டும். பொதுப் பிரிவினர் 6 முறையும் பிற்படுத்தப்பட்டோர் 9 முறையும் எழுதலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. விதி இடம் கொடுப்பதனால் இளமை முழுவதையும் அதற்கே ஈடாக வைத்துவிட வேண்டும் என்பதில்லை. இத்தனை ஆண்டுகள் என்று வீட்டாரும் பிள்ளையும் முதலிலேயே கூடிப் பேசி முடிவு செய்துகொள்வது உத்தமம். இதற்கெனப் படித்தவற்றில் பெரும்பகுதி மாநிலத் தேர்வாணையத்தின் தொகுதி 1, தொகுதி 2 தேர்வுகளுக்கும் பயன்படும். அவற்றையும் உடன் எழுதி வருவதில் இழிவு ஒன்றும் இல்லை. மகளுக்கும் மகனுக்கு அளிக்கும் அதே ஆண்டுகளை அளித்தல் வேண்டும். பெண்களுக்குத் தேர்வுக் கட்டணமே இல்லை. அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் வீட்டு வாசற்படிதான்.

நம் சங்கங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. பல ஊர்களில் சங்கக் கட்டடம் மாலைக்குப் பின் பூட்டிக் கிடக்கிறது. நிர்வாகக் குழுக்கள் மனம் வைத்தால், விதிகளுக்கு உட்பட்டு அங்கே ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு நாளிதழ்கள், பாடநூல்களின் ஒரு தொகுதி ஆகியவற்றை ஏற்பாடு செய்யலாம். தனித்தனியே பத்து வீடுகள் கடன்படுவதைவிட, பத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்ந்து ஒருவர் விடையை ஒருவர் திருத்திக்கொள்வது சிக்கனமும் ஆகும், சிறப்பும் ஆகும். அவர்களுள் ஒருவர் ஆட்சிப் பணிக்குத் தேர்ந்தால் ஊருக்குப் பெருமை. தேராத மற்றவர்களும் நாட்டின் சட்டத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் அறிந்த அங்கத்தினர்களாக நம் பொதுப் பேரவையில் வந்து அமர்வார்கள். ஐந்தொகையைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அத்தகைய அங்கத்தினர்களை உடைய சங்கம் நஷ்டமடைவது அரிது.