கர்ப்பிணிகளின் மாத்திரையில் இல்லாத வைட்டமின்: புனே கிராமங்கள் எழுப்பும் கேள்வி

புனே: அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. வைட்டமின் பி12 அதில் இல்லை. ரத்தசோகையைக் குறைக்கும் நோக்குடன் 2018-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட 'ரத்தசோகை இல்லா இந்தியா' திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் இதே கலவைதான் வழங்கப்படுகிறது. பி12 இல்லாதது ஒரு பெரிய குறையா என்ற கேள்வி, புனே அருகே உள்ள ஆறு கிராமங்களில் முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் ஆய்விலிருந்து எழுந்துள்ளது.

புனே கே.இ.எம். மருத்துவமனை ஆராய்ச்சி மையத்தின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களுடன் இணைந்து 1993-இல் 'புனே தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு' என்ற பணியைத் தொடங்கினார். ஆறு கிராமங்களிலும் திருமணமான இளம்பெண்கள் கருவுறுவதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டனர். அவர்களின் உடல் அளவுகள் எடுக்கப்பட்டன. கருவுற்ற பின் அவர்கள் என்ன உண்கிறார்கள், வயலிலும் வீட்டிலும் எவ்வளவு உழைக்கிறார்கள் என்பது குறிக்கப்பட்டது. ரத்த மாதிரிகளும் சேகரிக்கப்பட்டன. அந்தத் தாய்மார்களின் சராசரி எடை கர்ப்பத்துக்கு முன் ஏறத்தாழ 42 கிலோ, சராசரி உயரம் 152 சென்டிமீட்டர் மட்டுமே.

அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளின் சராசரியோ 3.5 கிலோ. இந்திய ஊரகத்தை அறிந்தவர்களுக்கு இதுவரை வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தைகளின் உடலைப் பகுதி பகுதியாக அளந்தபோதுதான் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. புனே குழந்தைகளின் தசையும் வயிற்றுப்பகுதி உறுப்புகளும் மிகவும் சிறுத்திருந்தன; தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலுக்குள் கொழுப்பின் விகிதம் கூடுதலாக இருக்கும் இந்த அமைப்பை, 2003-இல் வெளியான கட்டுரையில் 'மெலிந்த கொழுத்த இந்தியக் குழந்தை' என்று ஆய்வாளர்கள் அழைத்தனர். எடைத்தராசு மட்டும் காட்டித்தராத செய்தி இது.

தாயின் உணவைப் பற்றிய முடிவும் வழக்கமான எண்ணத்துக்கு மாறாகவே அமைந்தது. கர்ப்பிணி எத்தனை கலோரி உண்டார், எவ்வளவு புரதம் உண்டார் என்பதற்கும் குழந்தையின் பிறப்பு அளவுக்கும் தெளிவான தொடர்பு காணப்படவில்லை. பால், கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி உண்ட தாய்மார்களின் குழந்தைகளே சற்றுப் பெரிதாகப் பிறந்தன. வயிறு நிறைவதும் ஊட்டம் கிடைப்பதும் ஒன்றல்ல என்று கிராமத்து மூதாட்டிகள் சொல்வதை ஆய்வு எண்களில் காட்டியது எனலாம்.

ரத்தத்தில் தெரிந்த ஏற்றத்தாழ்வு

சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பின்னர் பரிசோதித்தபோது, 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் பி12 குறைவாக இருந்தது. ஃபோலேட் குறைபாடோ ஏறத்தாழ இல்லவே இல்லை. காரணத்தைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பி12 இயற்கையில் பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி போன்ற விலங்கு உணவுகளில் மட்டுமே கிடைக்கிறது. சைவ உணவுப் பழக்கம் மிகுந்த, பாலையும் வாங்கிக் குடிக்க வசதி குறைந்த வீடுகளில் அது எட்டாப் பொருள். ஃபோலேட் கீரையிலும் பருப்பிலும் உள்ளது. போதாததற்கு மாத்திரையாகவும் வந்து சேர்கிறது.

உடலின் செல்களில் இவ்விரண்டும் இணைந்தே வேலை செய்கின்றன. பி12 போதாதபோது, ஃபோலேட் பயன்படுத்தப்பட முடியாத வடிவில் தேங்கி நின்றுவிடுகிறது. அதிக ஃபோலிக் அமிலம் பி12 குறைபாட்டால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடக்கூடும் என்பதும், நரம்புப் பாதிப்பு வெளியே தெரியாமல் தொடரக்கூடும் என்பதும் மருத்துவ நூல்கள் நெடுங்காலமாக எச்சரித்துவருபவை. 2008-இல் வெளியான புனே ஆய்வின் முடிவு இதற்கு ஒரு படி மேலே சென்றது. கர்ப்பத்தின் 28-ஆவது வாரத்தில் ஃபோலேட் உயர்ந்திருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு வயதில் உடல் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்புத்தன்மையும் கூடுதலாக இருந்தன. பி12 குறைந்தும் ஃபோலேட் உயர்ந்தும் இருந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் இன்சுலின் எதிர்ப்பு எல்லோரையும் விட அதிகம்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதல் நான்கு வாரங்களில் ஏற்படும் பிறவிக் குறைபாட்டை ஃபோலிக் அமிலம் தடுக்கிறது என்பது 1991-லேயே உறுதியான ஒன்று. மேலும் புனே முடிவு ஒரு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. நாட்டின் பிற பகுதிகளின் நிலையும் ஆறு கிராமங்களின் நிலையை அப்படியே ஒத்ததல்ல. 2016-18-இல் நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், வளரிளம் பருவத்தினரில் 31 சதவீதத்தினருக்கு பி12 குறைபாடும் 37 சதவீதத்தினருக்கு ஃபோலேட் குறைபாடும் இருந்தன. ஆகவே ஃபோலிக் அமிலத்தைக் குறைப்பதா என்பதல்ல இங்குள்ள கேள்வி. அதற்குத் துணையாக பி12-ஐச் சேர்ப்பதா என்பதே கேள்வி.

அந்தக் குழந்தைகள் வளர்ந்த பின்

1990-களின் நடுவில் பிறந்த அந்தக் குழந்தைகளை ஆய்வுக் குழு கைவிடவில்லை. 18 வயதில் அவர்களைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ பாதிப்பேர் எடை குறைந்தவர்களாகவே இருந்தனர். ஆயினும் ஆண்களில் 37 சதவீதத்தினருக்கும் பெண்களில் 18 சதவீதத்தினருக்கும் ரத்தச் சர்க்கரை இயல்பை மீறியிருந்தது. நீரிழிவு என்றால் வசதியானவர்களின், பருமனானவர்களின் நோய் என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் நடத்திய ஆய்வு 2023-இல் நாட்டில் 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் எத்தனை பேரின் நோய்க்குக் கருவறையிலேயே விதை விழுந்தது என்பதை எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் தாய்சேய் நலத்தையும் நீரிழிவுத் தடுப்பையும் தனித்தனித் துறைகளாக, தனித்தனி நிதிகளாக நடத்துவது எவ்வளவு பொருத்தம் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

காரணத்தைச் சோதிக்கும் முயற்சியும் அதே கிராமங்களில் நடந்தது. 2012-இல் தொடங்கிய 'பிரியா' ஆய்வில், அந்தத் தலைமுறை இளைஞர்களுக்குத் திருமணத்துக்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராம் பி12 தனியாகவோ, பிற நுண்சத்துகளுடனோ வழங்கப்பட்டது. ஒரு குழுவுக்கு மருந்தற்ற மாத்திரை தரப்பட்டது. பி12 மட்டும் பெற்ற பெண்களின் குழந்தைகள் அறிதிறனிலும் மொழித்திறனிலும் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். சோதிக்கப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கும் குறைவு என்பதால் இதைக் கொண்டு நாடு தழுவிய முடிவெடுப்பது அவசரமாகிவிடும், புறக்கணிப்பதும் சரியாகாது.

மாத்திரையை விட்டு உணவின் வழியே இதைச் சோதித்த ஆய்வு ஒன்று மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்தது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பதிவு செய்யப்பட்டனர். கீரை, பழம், பால் சேர்த்து சமோசா போன்ற வடிவில் செய்த சிற்றுண்டி ஒரு சாராருக்கு நாள்தோறும் தரப்பட்டது. மொத்தத்தில் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கருவுறுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே உண்ணத் தொடங்கியவர்களின் குழந்தைகள் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. கர்ப்பகால நீரிழிவோ 12 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. நம் அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் கர்ப்பம் பதிவான பிறகே தாயைத் தேடி வருகின்றன என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரிசியில் இருக்கிறதே?

பி12 அரசின் கவனத்தில் இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்த செறிவூட்டப்பட்ட அரிசித் திட்டத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் உண்டு. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அளவு மிகச் சிறியது. ஒரு கிலோ அரிசியில் இருக்க வேண்டிய பி12 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி நபருக்கு மாதம் 5 கிலோ என்றால், நாளொன்றுக்குக் கிடைப்பது 0.13 முதல் 0.21 மைக்ரோகிராம் மட்டுமே. கர்ப்பிணிக்குத் தேவை எனக் கொள்ளப்படும் 2.6 மைக்ரோகிராமில் இது பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

மாற்றாகப் பேசப்படுவது, 15 நுண்சத்துகள் அடங்கிய பன்முக மாத்திரை. பி12 அதில் 2.6 மைக்ரோகிராம் உண்டு. இரும்பு 30 மில்லிகிராம். ரத்தசோகை மிகுந்த நாட்டில் இரும்பைப் பாதியாகக் குறைப்பது சரியா என்ற தயக்கம் நியாயமானதே. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி கர்ப்பிணிகளில் 52.2 சதவீதத்தினருக்கு ரத்தசோகை உள்ளது. ஆனால் அதே ஆய்வில், தற்போதைய மாத்திரையை 180 நாட்கள் உட்கொண்டவர்கள் 26 சதவீதமே. கலவையை மாற்றினாலும், அதைக் கிராமத்துப் பெண்ணின் கையில் சேர்த்து, அவர் விழுங்குவதை உறுதிசெய்யும் சிக்கல் அப்படியே இருக்கும்.

எளிய வழியான முட்டையோ அரசியலில் சிக்கிக் கிடக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை 2015-இல் அன்றைய முதலமைச்சர் நிராகரித்தார். அதே காலத்தில் மகாராஷ்டிரா, கர்ப்பிணிகளுக்கு ஒருவேளை முழு உணவு வழங்கும் அம்ருத் ஆகார் திட்டத்தைப் பழங்குடிப் பகுதிகளில் தொடங்கியது. முட்டை உண்ணாத வீடுகளுக்குப் பாலும் தயிரும் தரலாம், விலைதான் கூடுதல்.

புனே கிராமங்களில் பி12 பெற்ற பெண்களில் பலர் இப்போது தாய்மார்கள். அவர்களின் பிள்ளைகள் அந்த ஆய்வின் மூன்றாம் தலைமுறையாகப் பதிவாகியுள்ளனர்.