பழைய கணிப்பொறி: வைத்துக்கொள்வதா, விலக்குவதா?

உழவன் கலப்பையின் வயதைக் கேட்டு அதை விலக்குவதில்லை. அது உழுகிறதா என்றே பார்க்கிறான். பள்ளிக் கணிப்பொறிக்கும் இவ்வளவுகோல் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைமைக்கு அளித்துவந்த பொதுப் பராமரிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திற்று. அடுத்த பதிப்போ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும் புதிய வகைச் செயலியையும் வேண்டி நிற்கிறது. ஆகவே பழுதின்றி இயங்கும் யந்திரங்கள் பலவும் ‘பழையன’ என்னும் பெயரைப் பெற்றன. இங்குத் தேய்ந்தது யந்திரம் அன்று. அதற்குரிய ஆதரவே நின்றது.

இவ்விஷயத்தில் கேரளம் வேறு வழி கண்டது. 2001-ல் திருவனந்தபுரத்தில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது. அதே ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டமும் தோன்றிற்று. பின்னர் அரசுப் பள்ளிகள் குனு/லினக்ஸ் முறைக்கு மாறின. 2017-ல் அத்திட்டம் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. இதன் பயன் செலவுக் குறைவு மட்டும் அன்று. யந்திரத்தை எப்போது மாற்றுவது என்னும் முடிவு விற்போரிடமின்றிப் பயன்படுத்துவோரிடம் தங்கியதே பெரும்பயன்.

எனினும், எந்த முறைமையும் நித்தியமானதன்று. உபுண்டு 22.04 பதிப்பின் வழக்கமான பராமரிப்பு 2027 ஏப்ரல் வரைக்கே வகுக்கப்பட்டது. 32-பிட் செயலியில் அதனை நிறுவவும் இயலாது.

ஆதலால் வயதை விடுத்து மூன்று கேள்விகளைக் கேட்பது நலம். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் கிடைக்கின்றனவா? நினைவகத்தைப் பெருக்கி, சுழலும் வட்டுக்குப் பதில் திடநிலை வட்டைப் பொருத்தினால் வேகம் மீளுமா? உதிரிப் பாகங்கள் கிடைக்குமா? மூன்றுக்கும் ‘ஆம்’ எனில் யந்திரத்தை வைத்துக்கொள்ளலாம். முதற் கேள்விக்கு ‘இல்லை’ எனில், மாணவர் விவரங்களை அதில் வைத்து இணையத்தில் இணைத்தல் தகாது.

சிக்கனம் என்ற பெயரில் கருமித்தனமும் ஆகாது. நாற்பது நிமிட வகுப்பில் பத்து நிமிடம் திரை விழிப்பதற்கே காத்திருந்தால், இழப்பது மாணவரின் காலம். அதற்குக் கணக்கேட்டில் இடமில்லை.

விலக்கும் யந்திரத்தை அறை மூலையில் குவித்தலும் பிழை. ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் அதில் உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி, வட்டிலுள்ள விவரங்களை அழித்தபின், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அதனைச் சேர்ப்பித்தலே முறை.

ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு பதிவேடு இருக்குமாயின், முடிவு தானே புலப்படும்.