சத்தம் போடாத ஜீப்

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் திண்டுக்கல் பூட்டைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ரெட்டியார்சத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுவது இருக்கட்டும். உன் பெரியப்பா ஜீப்பின் வாய்க்கு ஒரு பூட்டுப் போட முடியுமா?" என்று கேட்டிருந்தது. எழுதியவர் வேறு யாருமில்லை, என் பெரியம்மாதான்!

பெரியப்பாவிடம் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் இருக்கிறது. 1947-ல் பம்பாயில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பூட்டித் தர ஆரம்பித்தார்களே, அந்த வம்சத்தில் பிந்திப் பிறந்தது. பியூஜோ கம்பெனியின் லைசென்ஸில் செய்த டீஸல் இன்ஜின். நான்கு சக்கரமும் இழுக்கும். மழைக்காலத்தில் கரிசல் சேற்றில் டிராக்டர் மாட்டிக்கொண்டால்கூட இதுதான் போய்க் கயிறு கொடுக்கும். தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு, பறித்த மல்லிகையை மூட்டை கட்டி ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் புறப்படும்.

புறப்படுவதை ஊரே அறியும். எதிர் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. இரவு ஒரு மணி வரை கண் விழித்துப் படித்துவிட்டுப் படுக்கிறவள், நான்கு மணிக்குத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளுடைய தகப்பனார் இரண்டு முறை வந்து மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் முறை அவர் வரவில்லை. வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இருபது வருஷத்துச் சிநேகிதம்!

நான் போய் விசாரித்தபோது பெரியப்பா சொன்ன பதில் இது: "சத்தமா? எங்கேடா சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே!"

கேட்காததுதான் விஷயமே. 85 டெஸிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்களின் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெஸிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்துவிடும். காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒரு தடவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. பெரியப்பாவிடம் டெலிபோனில் பேசுவதற்கு நான் எவ்வளவு கத்த வேண்டியிருக்கிறது என்பது என் ஆபீஸில் அனைவருக்கும் தெரியும்.

இத்துடன் போயிருந்தால் நானும் இரண்டு வரி பதில் எழுதிவிட்டு விட்டிருப்பேன். ஆனால், சென்ற பங்குனியில் நடந்த ஒரு காரியத்தையும் பெரியம்மா எழுதியிருந்தார். பேரக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு சிறுமலைக்குப் போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டுவதற்குள், பின்பக்கப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த சின்னவனுக்குத் தலைவலி, வாந்தி. வளைவினால் வந்த மயக்கம் என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தார்கள். மேலே போய் ஒரு மணி நேரம் காற்றாட இருந்ததும் தெளிந்துவிட்டான். திரும்பி வரும்போது மறுபடியும் அதே கதை. ஆனால், முன் ஸீட்டில் பாட்டியின் மடியில் இருந்த அவனுடைய தங்கைக்கு ஒன்றுமே இல்லை!

இதைப் படித்தவுடன் எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறிவிட்டேன்.

திண்டுக்கல் பழனி ரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். ஜீப்பைக் கொண்டுபோய் அவரிடம் விட்டோம். இன்ஜின் ஆறி இருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஈரச் சாக்கை நான்காக மடித்துப் புகைக் குழாயின் வாயில் ஒரு கணம் அழுத்தினார். சரியான வண்டியாக இருந்தால் இன்ஜின் திணறி நிற்கப் பார்க்கும். எங்கள் ஜீப்போ கவலையே படாமல் ஓடிற்று! வண்டிக்கு அடியில் மூன்று இடங்களில் 'புஸ் புஸ்' என்று பாம்பு சீறியது. மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஓரத்தில் கறுப்பாகக் கரிக் கோடு. சைலன்ஸரின் வயிற்றில் விரல் நுழையும் ஓட்டை. கடைசியாக, வால் குழாய் பின்பக்கம் வரை வராமல் பெஞ்சிக்கு நேர் கீழே அறுந்து நின்றது. தரைத் தகரத்திலும் துரு தின்ற பொத்தல்கள் இருந்தன.

"ஐயா, கொழந்தைக்கு வளைவுல வாந்தி வரலை. இந்தப் பொகையிலதான் வந்திருக்கு" என்றார் மெக்கானிக்.

பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பழைய ஜீப் வைத்திருக்கும் நேயர்கள் இதை மட்டுமாவது கவனிக்க வேண்டும். படுதாப் போட்ட ஜீப் ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்று சுழன்று உள்ளே இழுக்கும். வால் குழாய் உடலைத் தாண்டி வெளியே நீளாவிட்டால் புகை நேரே பெஞ்சிக்குத்தான் வரும். பெட்ரோல் ஜீப்பாக இருந்தால் அபாயம் இன்னும் பெரிது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். டீஸலில் அந்த வாயு குறைவு என்று சந்தோஷப்படவும் வழியில்லை. டீஸல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் தீர்ப்பே சொல்லிவிட்டது.

சரி, சைலன்ஸர் என்பதுதான் என்ன? 1897-ல் அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் பேடண்ட் வாங்கிய சாமான் அது. அன்றிலிருந்து அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றினால், விநாடிக்கு ஐம்பது வெடி. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு காற்று அலை குழாய் வழியே பாய்கிறது. அதை ஒரு பெரிய அறைக்குள் விட்டு விரியச் செய்து, தடுப்புச் சுவரில் மோதவைத்து, துளையிட்ட குழாய் வழியே அடுத்த அறைக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வரும் அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றையொன்று அடித்துத் தீர்த்துக்கொள்கின்றன. ஆக, அறை பெரிதாக இருந்தால் சத்தம் குறையும். குட்டி சைலன்ஸரில் எந்த மந்திரமும் பலிக்காது.

இன்னொரு ஜாதி உண்டு. நேர்க்குழாயில் துளை போட்டு, சுற்றிலும் கண்ணாடி நாரை அடைத்தது. பார்வைக்கு அழகு. 'வண்டி பறக்கும் சார்' என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கீச்சென்ற சத்தத்தை இது நன்றாக உறிஞ்சும். டீஸல் ஜீப்பின் 'தொம் தொம்' இருக்கிறதே, அதை அவ்வளவாகத் தடுக்காது. போதாததற்கு நாரில் கரி அடைத்தோ, நார் கருகிக் காற்றோடு போயோ, சில காலத்தில் மிச்சமிருப்பது வெறும் தகர டப்பாதான்.

பெரியப்பா இரண்டு வருஷத்துக்கு முன் எங்கேயோ ஒரு கடையில் மலிவாக வாங்கிப் போட்ட சைலன்ஸரை மெக்கானிக் கழற்றி, ரம்பத்தால் நடுவில் அறுத்துக் காட்டினார். துருச் செதில் அரைப் படி கொட்டிற்று! உள்ளே ஒரே ஒரு தடுப்பு. அதுவும் ஒட்டு விட்டுப்போய்த் தகரம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது. துரு வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளிருந்து வந்தது. ஒரு லிட்டர் டீஸல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக அரை மைல் ஓட்டி நிறுத்தும் வண்டியில் சைலன்ஸர் முழுதாகச் சூடேறுவதே இல்லை. தண்ணீர் உள்ளேயே தங்கிவிடுகிறது. டீஸலில் உள்ள கொஞ்ச நஞ்ச கந்தகமும் சேர்ந்து அமிலமாகித் தகரத்தைத் தின்கிறது. அடி வயிற்றில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வது இதனால்தான். அதை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

கடைக்குப் போனால் பெயர்ச் சீட்டைப் பார்ப்பதைவிடக் கையில் தூக்கிப் பாருங்கள். உள்ளே தடுப்பும் அறையும் உள்ளது கனக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை தெரிந்தால் அது நேர்க்குழாய் வகை. ஊர் தூங்க வேண்டுமானால் நமக்கு வேண்டாம். குலுக்கினால் ஒன்றும் கலகலக்கக் கூடாது. வெளித் தகரம் இரட்டைச் சுற்றாக இருந்தால் நல்லது. அலுமினியப் பூச்சுள்ள தகடு சாதாரணத் தகட்டைவிட நாள்பட உழைக்கும். எவர்சில்வர் அதைவிட உழைக்கும். இங்கே ஒரு வேடிக்கை. 'காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை' என்று பலர் பையில் காந்தத்தோடு கடைக்குப் போகிறார்கள். சைலன்ஸருக்கு வழக்கமாகப் போடும் 409 என்ற எவர்சில்வர் ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். காந்தத்தை நம்பி நல்ல சரக்கை வேண்டாமென்று விட்டு வந்தவர்கள் உண்டு.

குழாயின் உள்விட்டம் கம்பெனி வைத்த அளவிலேயே இருக்கட்டும். ஒடுங்கினால் இன்ஜின் மூச்சுத் திணறும். சூடும் கறுப்புப் புகையும் ஜாஸ்தியாகும். அகலமாகப் போட்டால் இழுவை கூடுமென்று பெரியப்பாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "சத்தம் போடற மாடுதான்டா உழும்" என்று வாதாடினார். இந்த மாதிரி பழைய டீஸலுக்கு அதனால் கிடைக்கும் லாபம் கையில் ஒட்டாது, காதில்தான் ஒட்டும்.

கடைசியில், அதே இன்ஜினுக்கென்று கம்பெனி அளவில் செய்த மூன்றறை சைலன்ஸர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். வால் குழாய்க்கு முன்னால் ஒரு சின்ன ரெஸனேட்டரும் சேர்த்தார் மெக்கானிக். குறிப்பிட்ட வேகத்தில் படுதாவுக்குள் 'ம்ம்ம்' என்று மண்டையைக் குடையுமே, அந்த ரீங்காரத்துக்கு அதுதான் மருந்து.

வாங்குவதைவிட மாட்டுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஜீப்பின் அடியில் இடம் கம்மி. இரண்டாவது கியர்ப் பெட்டியும் முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டும் குறுக்கே நிற்கும். சைலன்ஸர் சேஸிஸ் சட்டத்துக்குக் கீழே தொங்கினால் முதல் பாறையிலேயே நசுங்கும். வாய்க்காலோரத்துக் காய்ந்த புல்லில் சூடாக உரசினால் தீப் பிடிக்கும். இரும்புக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டால் அதிர்வு முழுவதும் உடலுக்கு ஏறி, பெரிய சைலன்ஸர் போட்டும் சத்தம் குறையவில்லையே என்று தோன்றும். ரப்பர் வளையம் போட வேண்டும். பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும் குழாய்க்கும் அச்சுக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். எவ்வளவு என்பதற்கு எங்கள் மெக்கானிக் கண்டுபிடித்த வழி: எதிர் டீக்கடையில் இருந்த எட்டுப் பேரைக் கூப்பிட்டுப் பின்னால் ஏற்றிக் குதிக்கச் சொன்னார். இரண்டாவது குதியில் 'டங்' என்றது. குழாயை இறக்கி மறுபடி வளைத்தார். எட்டு டீக்குப் பெரியப்பா காசு கொடுத்தார். மேனிஃபோல்டுக்குப் புதுக் கேஸ்கெட் போட்டுத் தரைப் பொத்தல்களுக்கும் தகடு வைத்து அடைத்தார்கள். வால் குழாய் இப்போது படுதாவைத் தாண்டி வெளியே நிற்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, சைலன்ஸர் இல்லாமல் எந்த வண்டியும் ஓடக் கூடாது என்கிறது, டிராக்டருக்குக்கூட விலக்கில்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, சத்த வரம்பை மீறினால் முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதம் போய்விடும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை 45 டெஸிபல்தான் வரம்பு என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷனை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப் போகும்போது, எப்படியும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் குனிந்து பார்க்கத்தான் போகிறார்கள்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஜீப் கிளம்பிற்று. டீஸல் இன்ஜினின் கடகடப்பு இருக்கத்தான் செய்தது. அது இன்ஜினுக்குள்ளேயே பிறக்கும் சத்தம், எந்த சைலன்ஸராலும் அடக்க முடியாது. ஆனால் தெருமுனை திரும்பியதும் வண்டி போனதா இல்லையா என்று நான் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. எதிர் வீட்டு விளக்கு எரியவில்லை.

ஒன்பது மணிக்கு மார்க்கெட்டிலிருந்து பெரியப்பா திரும்பியபோது இலையில் தோசை இல்லை. இரண்டு பர்லாங்குக்கு அப்பால் ஜீப் சத்தம் கேட்டதும் கல்லை அடுப்பில் போடுவது பெரியம்மாவின் இருபது வருஷத்து வழக்கம்!

பெரியப்பாவுக்கு அதுகூடப் பெரிதில்லை. வேறொரு புகாரோடுதான் வந்து உட்கார்ந்தார். "ஏம்ப்பா, அந்த மெக்கானிக் என்னமோ கெடுத்துட்டான். வேகம் எடுத்தா கீழேயிருந்து 'ங்ஙொய்'னு ஒரு சத்தம் வருது. இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை!"

கியர்ப் பெட்டியின் பல்சக்கரம் போடும் சத்தம் அது. வண்டி வாங்கின நாளிலிருந்து வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.